ரேடியோ அக்காவின் பாத்திரக் கணக்கு

ரேடியோ அக்காவுக்கு ரகசியம் காக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவளுடைய நாத்தனார் டைப் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அண்ணி, அவங்க உங்களைப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிக்கவே இல்லையா?"

விசாரித்திருந்தால் வேலை கிடைத்திருக்காது என்பது ரேடியோ அக்காவுக்கே தெரியும். அவள் வாய் அப்படிப்பட்ட வாய். தெருவில் ஒருவருக்குப் பல்வலி வந்தால் பல் டாக்டருக்குத் தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் மீதிப் பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணமான புதிதில் கணவரின் பிறந்தநாளுக்கு என்று ஆசையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கி அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தாள். அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போதே, "உங்களுக்கு வாட்ச் வாங்கியிருக்கேன், அரிசி டப்பால இருக்கு, ஆனா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ரகசியம்" என்று அவரிடமே சொல்லிவிட்டாள். ரேடியோ என்று பெயர் வைத்தது அவர்தான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது பால் போடுபவர்கூட ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் கூச்சநாச்சம் இல்லாமல் திரும்பிப் பார்க்கிறாள்.

கணவர் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தங்கை டைப் அடிப்பாள், அண்ணன் மிஷினைப் பார்த்துக்கொள்வார். மிஷின் என்றால் பெரிய மிஷின் என்று நினைத்துவிட வேண்டாம். எழுத்தெல்லாம் பளிச்சென்று விழும், முகம் மட்டும் கரி அப்பியதுபோல விழும். யார் போட்டோவை வைத்தாலும் வெளியே வருவது ஒரே ஆள்தான். "மிஷினை மாத்துங்க" என்று ரேடியோ அக்கா நச்சரிப்பாள். "முதல்ல உன் வாயை மாத்து" என்பார் அவர்.

அவர் ஒரு பந்தயம் வேறு கட்டியிருந்தார். "ஒரே ஒரு விஷயத்தை ஒரு மாசம் உன் வயித்துக்குள்ள வெச்சிரு. உனக்குத் தங்க வளையல் வாங்கித் தர்றேன்."

"வெச்சிருந்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாசம் முடிஞ்சதும் வந்து சொல்லு."

பல வருஷமாக அந்த வளையல் நகைக்கடையிலேயே இருந்தது. ஒரு வாரத்தை அவள் தாண்டியதே இல்லை. ஒருமுறை ஆறாம் நாள்வரை தாக்குப்பிடித்து, அந்தப் பெருமையைச் சொல்லப்போய், விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

இப்படிப்பட்டவளைத்தான் கணக்கெடுப்பு அலுவலகம் வேலைக்கு எடுத்தது. வெளியே சொல்லும் பெயர் குடும்ப நலக் கணக்கெடுப்பு. உள்ளே கேட்பது வேறு. வீட்டுக்குள் பெண்களுக்கு என்ன நடக்கிறது, அடி விழுகிறதா, யாரிடமாவது சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் உண்மையான கேள்வி. அது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தாலும் ஆபத்து, வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கேள்வியைவிடக் கட்டுப்பாடு அதிகம்.

பயிற்சி கொடுத்த அம்மாளுக்கு ரேடியோ அக்கா முதல் நாளே ரூல்ஸ் மேடம் என்று பெயர் வைத்துவிட்டாள். ரூல்ஸ் மேடம் சிரிக்க மாட்டார். ரூல்ஸ்தான் அடுக்குவார்: பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். பேச்சுத் தெரியாத கைக்குழந்தையைத் தவிர வேறு யாரும் காது கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. ஒரு தெருவில் ஒரே ஒரு வீடு. ஏன் இந்த வீடு என்று யாராவது கேட்டால் குலுக்கலில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். நம் வீடு எங்கே, நம் ஆள் யார் என்று மூச்சுவிடக் கூடாது. நடுவில் யாராவது வந்துவிட்டால் கையில் இருக்கும் டேப்லெட்டின் மூலையை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பாத்திரப் பக்கம் திறந்துகொள்ளும். வீட்டில் எத்தனை குக்கர், எத்தனை வாணலி, மூடி இல்லாத பாத்திரம் எத்தனை என்று அதில் வரிசையாக இருக்கும்.

"வந்தவங்க ரெண்டு நிமிஷம் கேப்பாங்க, சலிச்சுப் போயிடுவாங்க" என்றார் ரூல்ஸ் மேடம்.

ரேடியோ அக்காவுக்கு நாக்கு அரித்தது. "மேடம், வந்த ஆளுக்குப் பாத்திரம்னா உயிரா இருந்தா?"

வகுப்பே சிரித்தது. ரூல்ஸ் மேடம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"இன்னொரு விஷயம். பாதுகாப்பா போய் இருக்க ஒரு இடம் இருக்கான்னு ஒரு கேள்வி வரும். இருக்கு, இல்ல, அவ்வளவுதான் பதில். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்காதீங்க. உங்களுக்குத் தெரியாததை யாரும் உங்ககிட்டயிருந்து கறக்க முடியாது."

ரேடியோ அக்கா அதை எழுதிக்கொண்டாள், கீழே கோடும் போட்டாள். அத்தோடு மறந்தும் போனாள்.

முதல் சுற்றில் ஒரு வீட்டுக்கு அவள் போனது ஒரு மத்தியான வேளை. குறுகலான தெரு, அதன் கோடியில் ஒரு அறையும் சமையலறையும் கொண்ட வீடு. கதவைத் திறந்த பெண்ணுக்கு நாத்தனார் வயசுதான் இருக்கும். உள்ளே துவைத்துக் காய்ந்த துணிகள் கட்டிலில் குவிந்திருந்தன. கணவர் அடுப்பு மெக்கானிக், கேஸ் அடுப்பும் குக்கரும் ரிப்பேர் செய்கிறவர், சாயங்காலம்தான் வருவார் என்றாள். ரேடியோ அக்கா கேட்கக் கேட்க அந்தப் பெண் ஒரு நீலச் சட்டையை மடித்தாள். மடித்து வைத்தாள். மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆமா என்ற ஒரே சொல்தான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ரேடியோ அக்கா அடுத்த கேள்வியைத் தட்டாமல் அந்த நீலச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?" என்று அந்தப் பெண்தான் கேட்டாள்.

"சத்தியமா சொல்ல மாட்டேம்மா."

"எங்க அத்தையும் இப்படித்தான் சொன்னாங்க. அன்னிக்குச் சாயந்திரமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஒரு மாசம் இந்தக் கையைத் தூக்க முடியல."

ரேடியோ அக்கா உதவி செய்யும் இடத்தின் போன் நம்பரைக் காகிதத்தில் கொடுக்காமல் வாயால் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தாள். அதுவரைக்கும் ரூல்ஸ் மேடம் பார்த்திருந்தால்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டார். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. பாதுகாப்பாகப் போய் இருக்க ஒரு இடம் இருக்கிறதா?

"இருக்கு. சீக்கிரம் போயிடுவேன்."

பேசாமல் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவேண்டியதுதானே! "எங்கம்மா?" என்று கேட்டுவிட்டாள். ஆசையாக, அக்கறையாக, பழக்கதோஷத்தில். அந்தப் பெண்ணும் யாரோ ஒருத்தி அக்கறையாகக் கேட்டுவிட்டாளே என்று ஊரையும் சொன்னாள், வீட்டையும் சொன்னாள், யார் வீடு என்பதையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ரேடியோ அக்கா காப்பாற்றியதை நான் போட்டு உடைத்தால் எனக்கு என்ன மரியாதை இருக்கிறது?

அந்த நேரம் பார்த்து வாசலில் கருவிப் பை தொப்பென்று விழுந்தது. அடுப்பு மெக்கானிக் சீக்கிரமே வந்துவிட்டார்.

அந்தப் பெண் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. ரேடியோ அக்கா டேப்லெட்டின் மூலையைத் தட்டினாள். அவசரத்தில் இரண்டுமுறை தட்டவேண்டியிருந்தது.

"ஆக, மூடி இல்லாத பாத்திரம் எத்தனைம்மா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"என்னது, பாத்திரமா?" என்று மெக்கானிக் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்திரக் கணக்கெடுப்பா? இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒருத்தருக்குப் புத்தி வந்திருக்கு! அவகிட்ட ஏன் கேக்குறீங்க, அவளுக்கு என்ன தெரியும்? என்கிட்ட கேளுங்க!"

பயிற்சி வகுப்பில் அடித்த ஜோக் நேரில் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. இரண்டு நிமிஷத்தில் சலித்துப்போக வேண்டிய ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து குக்கரின் ரப்பர் வளையத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். வாணலியின் அடிப்பாகம் எத்தனை கனம் இருக்க வேண்டும் என்றார். இந்தக் கேள்வியே சரியில்லை, இதை இப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று திருத்தினார். நல்ல சிரிப்பு, நல்ல பேச்சு. கொஞ்ச நேரம் முன்னால் கேட்டதெல்லாம் கேட்காமல் இருந்திருந்தால் ரேடியோ அக்காவே அவரைத் தங்கமான மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பாள்.

"எல்லா வீட்லயும் கேக்குறீங்களா?"

குலுக்கல் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் ஆசையாகக் கேட்டார், இவளுக்கோ ஒரு பேச்சை உற்சாகமில்லாமல் விட்டுப் பழக்கமில்லை. "பின்னே? தெரு பூரா கேக்குறோம்!" என்று அள்ளி விட்டாள்.

"சபாஷ்! சாயந்திரம் டீக்கடையில எல்லாரும் வருவாங்க. யார் வீட்ல என்ன சொன்னாங்கன்னு விசாரிச்சுடுறேன்."

ரேடியோ அக்கா அசடு வழிந்து, வணக்கம் சொல்லி, பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தாள். நல்லபடியாகச் சமாளித்துவிட்டோம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை. பஸ் வந்து நின்றபோதுதான் தலையில் இடி விழுந்தது. சாயங்காலம் டீக்கடையில் அவர் கேட்பார். எங்க வீட்டுக்கு யாரும் வரலையே என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அப்படியானால் அந்தப் பொம்பளை என் வீட்டுக்கு மட்டும் எதற்கு வந்தாள், என் பெண்டாட்டியிடம் தனியாக என்ன பேசினாள் என்று அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து கேட்பார். யாரிடம் கேட்பார் என்பதை நினைத்ததும் ரேடியோ அக்காவுக்கு அந்தப் பெண்ணின் தூக்க முடியாத கைதான் ஞாபகம் வந்தது.

பஸ் போய்விட்டது. அவள் ஏறவில்லை.

ரூல்ஸ் மேடத்துக்குப் போன் செய்திருக்கலாம். செய்தால் திட்டு விழும். திட்டுக்குப் பயந்து, நானே போட்ட முடிச்சை நானே அவிழ்க்கிறேன் என்று கிளம்பிய மேதாவி அவள். தெரு பூரா கேட்கிறோம் என்றுதானே சொன்னோம், கேட்டுவிட்டால் அது பொய்யில்லையே? திரும்பி நடந்து தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வணக்கங்க, உங்க வீட்ல குக்கர் எத்தனை?"

அதற்குப் பிறகு நடந்ததை அவள் கனவிலும் எதிர்பார்த்திருக்க மாட்டாள். ஜனங்களுக்குப் பாத்திரம் பற்றிப் பேச அவ்வளவு இருக்கிறது! முதல் வீட்டில் ஒரு தையற்கார அம்மா பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் காட்டினார். அடுத்த வீட்டு ரிட்டயர்டு குமாஸ்தா, இதை எதற்குக் கேட்கிறீர்கள், வரி போடவா என்று ரகளை செய்து, கடைசியில் தானே எண்ணி எழுதிக்கொடுத்தார். மூன்றாவது வீட்டில் ஒருத்தி, மூடி தொலைந்துபோன ஒரு பாத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூடியை யார் எடுத்திருப்பார்கள் என்ற சந்தேகப் பட்டியலை அவிழ்த்துவிட்டாள். ரேடியோ அக்கா எல்லாவற்றையும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு டேப்லெட்டில் தட்டினாள். அது எங்கேயும் பதிவாகவில்லை. வெறும் திரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாவது வீட்டு வாசலில் அடுப்பு மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மேடம், நீங்க பாட்டுக்குத் தனியா கஷ்டப்படுறீங்க? எனக்கு இந்தத் தெருவுல தெரியாத அடுப்பே கிடையாது. வாங்க, நான் கூட வர்றேன்."

அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்தான் முன்னால் போனார். "பாத்திர மேடம் வந்திருக்காங்க, எல்லாத்தையும் வெளிய கொண்டாங்க!" என்று குரல் கொடுத்தார். வீட்டுக்கு வீடு குக்கர் மூடியைத் திருப்பிப் பார்த்து விசிலை ஊதிப் பார்த்தார். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். ரேடியோ அக்கா உள்ளே நடுங்கிக்கொண்டே வெளியே சிரித்தாள். தெருக் கோடியில் அந்தப் பெண் நீலச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் என்ன இருந்தது என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

கடைசியில், "நீங்க எந்தப் பக்கம் மேடம்?" என்று அவர் கேட்டார். எல்லாம் முடிந்துவிட்ட நிம்மதியில் இருந்தாளா, வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஸ்டேஷன் பக்கத்துல ஜெராக்ஸ் கடை இருக்குல்ல, அது நம்ம வீட்டுக்காரரோடதுதான்!"

சொன்ன அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாக்குத் தப்பித்துவிட்டது, உதடுதான் கடிபட்டது.

மறுநாள் ரூல்ஸ் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அந்தப் பொண்ணு நம்பரை மனப்பாடம் பண்ணிக்கிட்டாங்களா?"

"திருப்பிச் சொல்லிக் காமிச்சாங்க மேடம்."

"வேற எதாவது கேட்டீங்களா?"

ரேடியோ அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க போவேன்னு சொன்னாங்க மேடம். நான்தான் கேட்டேன். அந்த ஊர் வந்து..."

ரூல்ஸ் மேடம் சட்டென்று கையை உயர்த்தினார். "என்கிட்ட சொல்லாதீங்க."

"நீங்க ஆபீஸ்தானே மேடம்?"

"நான் யாரா இருந்தாலும் சொல்லாதீங்க. கேட்டிருக்கவே கூடாது, கேட்டுட்டீங்க. இனிமே அது உங்ககூடவே இருக்கட்டும். அவங்க உயிரு உங்க வாயிலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கங்க."

அந்தச் சுற்று முடியும்வரை ரேடியோ அக்கா வெளியே கணக்கெடுக்கப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான் என்று அவளே ஒத்துக்கொண்டாள். கணவரின் கடையில் தாள் அடுக்க உட்கார்ந்தாள்.

பாத்திரக் கதை அதற்குள் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தெருவிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். அன்று ஆரம்பித்த கிண்டல் அடங்கவே இல்லை. "பாத்திர மேடம், இந்த டம்ளரையும் கணக்குல சேத்துக்கங்க" என்பாள் நாத்தனார். "இதுக்கா உன்னை ரகசிய வேலைன்னு எடுத்தாங்க? குக்கர் எத்தனைங்கறது ராணுவ ரகசியமா?" என்பார் கணவர். ரேடியோ அக்காவுக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஏன் அப்படி அலைந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் வாயடைத்துப்போவார்கள். சொல்ல முடியவில்லை. அதை அடக்குவதற்காக மற்றதையெல்லாம் இரண்டு மடங்கு பேசினாள். பால்காரரின் மாமனார் வீட்டுத் தகராறு முழுவதும் அந்த நாட்களில்தான் வெளியே வந்தது. பாவம், அவர் என்ன பாவம் செய்தார்!

சில வாரம் கழித்து ஒரு முற்பகல். கடையில் கூட்டம் இல்லை. படியேறி வந்தவரைப் பார்த்ததும் ரேடியோ அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அடுப்பு மெக்கானிக், தாடி வளர்ந்து, கண் சிவந்து, கையில் ஒரு போட்டோவோடு நின்றார்.

"பாத்திர மேடம், நல்லவேளை இருக்கீங்க. என் பொண்டாட்டியைக் காணோம்."

போய்விட்டாள்! நெஞ்சுக்குள் ஒரு துள்ளல் துள்ளியதை ரேடியோ அக்கா மூச்சோடு சேர்த்து விழுங்கினாள்.

கணவர் ஓடிப்போய் நாற்காலி போட்டார். நாத்தனார் தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். போட்டோவை நகல் எடுத்து ஊரெல்லாம் ஒட்டப்போகிறேன் என்றார்.

"மிஷின்ல டோனர் மை தீந்துபோச்சுங்க" என்றாள் ரேடியோ அக்கா.

"நேத்துதானே மாத்தினேன்?" என்றார் கணவர். எந்த நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாத குடும்பம் அது. கட்டிக்கொண்டு வந்தவளும் அதற்குப் பொருத்தமானவள்தான்.

மெக்கானிக் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். "மேடம், அன்னிக்கு நான் வர்றதுக்கு முன்னாடி நீங்க அவகூடத் தனியாத்தான் பேசிட்டிருந்தீங்க. எதாவது சொன்னாளா? எங்க போறேன், யார் வீட்டுக்கு, எதாவது? சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். கூட்டிட்டு வந்துடுவேன், அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு அவ்வளவு கெஞ்சலாக இருந்தது. ஆனால் கை மட்டும் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது.

ஊர் பெயர் ரேடியோ அக்காவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொல்ல வேண்டும் என்று இல்லை, சொல்லும் எண்ணம் துளிக்கூட இல்லை, ஆனால் அவளுக்கு அவள் வாய்மேல் நம்பிக்கை இல்லை. வாட்சை அரிசி டப்பாவோடு காட்டிக்கொடுத்த வாய். கடையின் முகவரியைத் தானாகப் போய்க் கொடுத்த வாய். அவளுக்குப் பயமாக இருந்தது. அவரைப் பார்த்து வந்த பயம் கொஞ்சம், தன்னைப் பார்த்து வந்த பயம்தான் ஏராளம்.

"பாத்திரம் பத்தித்தாங்க பேசினோம். மூடி இல்லாதது எத்தனைன்னு கேட்டேன்" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவர் தட்டுவது நின்றது. "வேற எதுவுமே பேசலையா? ரெண்டு பொம்பளைங்க தனியா உக்காந்து பாத்திரம் மட்டுமா பேசுவீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

அப்போது நாத்தனார் டைப் மேஜையிலிருந்து திரும்பினாள்.

"அண்ணே, நீங்க வேற! எங்க அண்ணியைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா இந்நேரம் இந்த ரோட்டுக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க போட்டோவே ஒட்ட வேணாம்."

"ஆமா சார்" என்றார் கணவர், அனுதாபத்தோடு. "இவளுக்குப் பேரே ரேடியோ. எனக்கு வாட்ச் வாங்கி ஒளிச்சு வெச்சதையே என்கிட்ட சொன்னவ. ஒரு விஷயத்தை ஒரு மாசம் சொல்லாம இருந்தா தங்க வளையல்னு பந்தயம் கட்டியிருக்கேன், பல வருஷமாச்சு. கையைப் பாருங்க."

ரேடியோ அக்கா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். வெறும் கை.

மெக்கானிக் அந்தக் கைகளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். தெரு பூரா பாத்திரம் எண்ணிக்கொண்டு திரிந்த பைத்தியம் இது, இதனிடம் போய் எவள் எதைச் சொல்லியிருப்பாள் என்ற முடிவுக்கு அவர் வந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வாழ்நாளில் யாரும் தன்னை அவ்வளவு மட்டமாக எடைபோட்டதில்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததும் இல்லை.

கணவர் போட்டோவை மிஷினில் வைத்தார். தாள் தாளாக வெளியே வந்தது. மெக்கானிக் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இது யாருன்னு எனக்கே தெரியலையே."

"முகம் கொஞ்சம் கருப்பா விழும் சார். மிஷினை மாத்தணும்" என்று கணவர் தலையைச் சொறிந்தார். மெக்கானிக் தாள்களை மேஜைமேல் எறிந்துவிட்டு, போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். கடைசிப் படியில், "மாட்டாமயா போயிடுவா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது ரேடியோ அக்காவின் காதில் மட்டும் விழுந்தது. வேண்டாததெல்லாம் விழும் காது அது.

"பாவம், நல்ல மனுஷன்" என்றார் கணவர். "எப்படித்தான் விட்டுட்டுப் போக மனசு வந்துச்சோ."

அந்த ஒரு வாக்கியத்துக்குச் சொல்ல ரேடியோ அக்காவிடம் இருந்த பதிலை எடுத்து வைத்தால் கடை கொள்ளாது. பின்பக்கம் போய் முகம் கழுவினாள். கண்ணீர் நிற்கும்வரை கழுவ வேண்டியிருந்தது. அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாளா? சொன்ன வீட்டில் கதவு திறந்தார்களா? யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் அந்தக் கேள்வியே வழி காட்டிவிடும்.

அதற்கப்புறம் ஒரு மாசம் போனது, இரண்டும் போனது. ரூல்ஸ் மேடம் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். எதுவும் விசாரிக்கவில்லை. ரேடியோ அக்காவும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் பாதுகாப்பான இடம் பற்றிய கேள்விக்கு இருக்கு, இல்ல என்ற பதில் வந்ததும் அவள் இரண்டு உதட்டையும் பல்லுக்குள் மடித்துக்கொள்வதைப் பார்த்து, பல்வலியா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்றாள்.

ஒருநாள் சாப்பிடும்போது கணவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. "என்ன ரேடியோ, வளையல் இன்னும் கடையிலதான் இருக்கு. இந்த ஜென்மத்துல ஜெயிக்கிற உத்தேசம் இருக்கா?"

நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். ரேடியோ அக்கா வாயைத் திறந்தாள். ஜெயித்துவிட்டேன் என்ற சொல் அங்கேயே தயாராக இருந்தது. சொன்னால், எதை என்று கேட்பார்கள்.

"கடையிலேயே இருக்கட்டும்" என்றாள். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?"